மூத்த பிள்ளையின் குணம்: பிறப்பு வரிசையா, வளர்ப்பா, எங்கள் வழமையா?

நடுவிலான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நாங்கள் ஐவர். மூத்த அண்ணா 1957 இல் பிறந்தவர். அவருக்குக் கீழே இரண்டு அக்காமார், பிறகு நான், கடைசியாக 1974 இல் பிறந்த தம்பி. அப்பா கொழும்பில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். விடுமுறை கிடைக்கும்போது யாழ்தேவி ரயிலில் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்புவார். 1978 இல் அவர் காலமானபோது அண்ணாவுக்கு இருபத்தொரு வயது. அன்று முதல் வீட்டுக் கணக்குக் கொப்பி அம்மாவின் கையிலிருந்து அவருடைய கைக்கு வந்தது. எனக்குச் சப்பாத்து வாங்குவதா, அக்காவை ரியூசனுக்கு அனுப்புவதா என்பதெல்லாம் அவருடைய தீர்மானமாகவே இருந்தன.

1984 இல் அவர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தார். உணவகத்தில் கோப்பை கழுவிய காசு, வங்கி இல்லாமல் ஆள் மாறி ஆள் கொடுக்கும் உண்டியல் மூலம் ஊருக்கு வந்தது. பெரியக்காவின் கல்யாணம் 1985 இலும் சின்னக்காவின் கல்யாணம் 1989 இலும் அந்தக் காசில்தான் நடந்தன. நான் கனடாவுக்கு வந்த செலவும் அதிலிருந்துதான். இவ்வளவும் முடிந்த பிறகே, முப்பத்தெட்டாவது வயதில், அவர் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார்.

இப்போது அப்பாவின் முதுசக் காணியில் மிஞ்சியிருக்கும் எட்டுப் பரப்பை (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) என்ன செய்வது என்று ஐவரும் தொலைபேசியில் கூடிப் பேசினோம். அண்ணா எங்களிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை, முடிவைச் சொன்னார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. மூத்த பிள்ளைகள் எந்த நாட்டிலும் இப்படித்தான், அதிகாரம் அவர்களுக்குப் பிறவிக் குணம், இதை ஆராய்ச்சியாளர்களே நிறுவியிருக்கிறார்கள் என்றான். அம்மா வளர்த்த விதம்தான் காரணம் என்றார் பெரியக்கா. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள், அழைப்பு முடிந்ததும், "அப்படியென்றால் பெரியப்பாவை வளர்த்த மாதிரித்தான் என்னையும் வளர்த்தீர்களா?" என்று கேட்டாள். அவள் எங்கள் மூத்த பிள்ளை. நானும் மனைவியும் மாறி மாறி வேலைக்குப் போன காலத்தில், பன்னிரண்டு வயதிலிருந்து தம்பிக்குச் சாப்பாடு சூடாக்கிக் கொடுத்தவளும் அவள்தான், பாடசாலையிலிருந்து வரும் கடிதங்களைப் படித்து எங்களுக்கு விளங்கப்படுத்தியவளும் அவள்தான்.

என் கேள்வி இதுதான். மூத்தவர், நடுவிலார், கடைக்குட்டி என்று நாம் சொல்லும் குணங்கள் உண்மையில் பிறந்த வரிசையால் வருகின்றனவா? அல்லது யாழ்ப்பாணத்துச் சீதன முறையும் குடும்பச் சூழ்நிலையும் மூத்தவர்மேல் சுமத்தியதைத்தான் நாம் குணம் என்கிறோமா? உங்கள் வீடுகளில் எப்படி இருந்தது என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

நொத்தாரிசு வீட்டுப்பிள்ளை எழுதியது:

உங்கள் கேள்வியின் சட்டப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். என் தகப்பனார் காணி உறுதிகள் (பத்திரங்கள்) எழுதும் நொத்தாரிசாக இருந்தவர், நானும் சில காலம் வழக்கறிஞராக இருந்தேன்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை முதன்முதலில் எழுத்தில் தொகுத்தவர் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தருக்குத் திசாவையாக (நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ். 1707 இல் அவர் அதை முடித்தபோது, தமிழில் மொழிபெயர்த்து, உள்ளூர்த் தலைமைக்காரரான பன்னிரண்டு முதலியார்மாரிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். சொத்தை அது மூன்றாகப் பார்க்கிறது: முன்னோர் வழி வந்த முதுசம், பெண் கொண்டுவரும் சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்த்த தேடிய தேட்டம்.

இதில் உங்கள் கதையோடு நேராகப் பொருந்தும் ஒரு விதி இருக்கிறது. கல்யாணம் ஆகாத மகன் எதைச் சம்பாதித்தாலும், அவன் உடம்பில் அணிந்திருக்கும் பொன், வெள்ளி நகைகளைத் தவிர, அது பெற்றோரின் பொதுச் சொத்தில் சேர வேண்டும் என்பதே அந்த விதி. பெண் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சீதனம் கொடுத்தாக வேண்டும். சீதனம் பெற்றுப் போன மகளுக்குப் பழைய வழமையின்படி பெற்றோரின் மீதிச் சொத்தில் பங்கு இல்லை. மிஞ்சியதை ஆண் பிள்ளைகள் பகிர்ந்துகொள்வார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூத்தவன் முதலில் உழைக்கத் தொடங்குகிறான். அவன் உழைப்பு பொதுவில் விழுகிறது. பொதுவிலிருந்து தங்கைமாருக்குச் சீதனம் போகிறது. கடைசியில் பங்கு பிரிக்கும்போது அவனுக்கும், ஒரு சதமும் உழைக்காத கடைசித் தம்பிக்கும் ஒரே அளவு. மூத்தவன் என்பதற்காகக் கூடுதல் பங்கு எதையும் வழமை தரவில்லை. தமிழ்நாட்டின் பழைய ஜமீன்களில் மூத்த மகனுக்கே முழு உரிமையும் போன முறை வேறு. அங்கே மூத்தவன் சுமையையும் சொத்தையும் சேர்த்தே பெற்றான்.

ஆகவே யாழ்ப்பாணத்து மூத்த மகனுக்கு மிஞ்சியது வார்த்தை மட்டும்தான். அவர் சொன்னால் வீடு கேட்க வேண்டும் என்ற மரியாதையே அவருக்குக் கிடைத்த ஒரே பங்கு. உங்கள் அண்ணா தொலைபேசியில் முடிவைச் சொன்னதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். தம்பிக்கு அது அதிகாரமாகத் தெரிவதும் நியாயம்தான். அவர் பிறந்த காலத்தில் கணக்கு எழுதி முடிந்துவிட்டது.

இன்னொன்று: எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். சடங்கில் முதலும் கடைசியும் இடம் பிடித்துக்கொண்டன. நடுவில் பிறந்தவர் தேங்காய் உடைப்பதோடு சரி. (உங்கள் பெயரைப் பார்த்ததும் இது நினைவுக்கு வந்தது, குறை நினைக்க வேண்டாம்.)

எண்கணக்கு எழுதியது:

நடுவிலான் ஐயாவின் தம்பி சொன்ன ஆராய்ச்சியைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். உளவியல் புள்ளிவிவரம் கற்பிப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி வகுப்பிலும் அடிக்கடி வரும்.

பிறப்பு வரிசைக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணத்தைப் பரப்பியவர் வியன்னாவைச் சேர்ந்த அல்ஃபிரட் அட்லர். இரண்டாவது குழந்தை பிறந்ததும் மூத்த பிள்ளை தன் அரியணையை இழக்கிறது, அதனால் ஒழுங்கையும் அதிகாரத்தையும் பற்றிக்கொள்கிறது என்பது அவர் கருத்து. அட்லர் ஒரு மூத்த அண்ணனுக்குக் கீழே பிறந்த இரண்டாவது பிள்ளை என்பதை அறிந்தால், இந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்று சிறிது சந்தேகம் வரத்தான் செய்யும்.

அட்லருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்த வாதம் முன்னும் பின்னுமாகப் போனது. 2015 இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. ஒன்று அமெரிக்கா, பிரித்தானியா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தது. மற்றது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் 3,77,000 பேரின் தரவைப் பார்த்தது. பொறுப்புணர்வு, இணங்கிப்போகும் தன்மை, கலகலப்பு, மனத் தளம்பல் போன்ற குணங்களில் பிறப்பு வரிசையால் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்பதே இரண்டிலும் கிடைத்த விடை. நுண்ணறிவுச் சோதனையில் மட்டும் மூத்தவர்களுக்கு மிகச் சிறிய முன்னிலை இருந்தது. ஒரு குடும்பத்தில் இருவரைப் பார்த்து யார் மூத்தவர் என்று ஊகிக்கக்கூட அது போதாது.

அந்தச் சிறிய முன்னிலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நோர்வேயில் 2007 இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. கட்டாய இராணுவ சேவைக்கு வந்த 2,40,000 க்கும் மேற்பட்ட இளைஞர்களின் மதிப்பெண்களை அது பார்த்தது. இரண்டாவதாகப் பிறந்தவர்கள் சராசரியில் இரண்டு புள்ளியளவு பின்தங்கியிருந்தார்கள். ஆனால் மூத்த பிள்ளை சிறுவயதிலேயே இறந்துபோய், வீட்டில் மூத்தவராக வளர்ந்த இரண்டாம் பிள்ளைகள் மட்டும் மற்ற மூத்த பிள்ளைகளின் மதிப்பெண்ணையே பெற்றிருந்தார்கள். கருப்பை வரிசை அங்கே பொருட்டாகவில்லை. வீட்டில் எந்த இடத்தில் வளர்ந்தார் என்பதே கணக்கில் வந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நெருங்கிய சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் தங்கள் வீட்டு மூத்தவர் ஒரே மாதிரித் தெரிகிறார்? பெற்றோர் எப்போதும் பத்து வயதுப் பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை இயல்பாகவே பொறுப்பானதாகத் தெரியும். அடுத்தது, இந்தக் குணம் வீட்டுக்குள் மட்டும் வெளிப்படுவது. உங்கள் அண்ணா வேலை செய்த இடத்திலும், நண்பர்களிடத்திலும் அப்படியேதான் கட்டளையிடுகிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அப்படி இராது. அண்ணன் என்பவர் தம்பிமாருக்கு முன்னால் மட்டுமே அண்ணன்.

ஒரு எச்சரிக்கை: இந்த ஆய்வுகள் மேற்குலகச் சிறு குடும்பங்களைப் பற்றியவை. மூத்த மகனுக்கென்று தனியான கடமையும் கவனிப்பும் வைத்திருக்கும் சமூகங்களில் வரிசை உடம்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இந்தியக் குழந்தைகளின் உயரத்தை ஆபிரிக்கக் குழந்தைகளின் உயரத்தோடு ஒப்பிட்டு 2017 இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்றில், தலைப்பிள்ளைகளிடம் இந்தியாவுக்குப் பின்னடைவு இல்லை. இரண்டாவது பிள்ளையில் தொடங்கி வரிசை கூடக் கூடத்தான் குறை கூடுகிறது. மூத்த மகனுக்குக் கொடுக்கப்படும் முன்னுரிமையே அதற்குப் பெரிய காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அதாவது வழமை வலுவாக இருக்கும் இடத்தில் பிறப்பு வரிசையும் வலுவாகிறது.

பெரியக்கா எழுதியது:

நான் வேறொரு வீட்டுப் பெரியக்கா, நால்வரில் மூத்தவள், பெண். அதனால் நொத்தாரிசு வீட்டு ஐயா சொன்ன கணக்கில் நான் வாங்கும் பக்கத்தில் நிற்பவளாகத் தெரியலாம். எங்கள் வீடு என் பெயரில் சீதன உறுதியாக எழுதப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த உறுதி எழுதப்படுவதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து எழும்பி நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. அம்மா அம்மம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தா. அப்பா சைக்கிளில் அரிசி மூட்டையையும் உடுப்புப் பெட்டியையும் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். கடைசித் தங்கச்சிக்கு ஐந்து வயது. அவளை நான்தான் இடுப்பில் தூக்கியிருந்தேன். செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் சனம் அடி எடுத்து வைக்க இடமில்லாமல் நின்றது, மழையும் பெய்தது. அவள் நித்திரையாகிவிட்டால் பாரம் கூடிவிடும் என்பதால், விடியும்வரை அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் அவள் எப்போதும் தடக்குப்படுவாள். அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்து "பிள்ளை எங்கே" என்று கேட்கவில்லை, ஏனென்றால் பிள்ளை என்னிடம் இருக்கிறாள் என்பது அவவுக்குத் தெரியும்.

இப்போது என் தங்கச்சிக்கு நாற்பது வயதை எட்டப்போகிறது. அவள் வீட்டுக்குப் போனால் நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று அவளுடைய கணவருக்கு என்மேல் மனக்குறை. எண்கணக்கு அவர்கள் சொன்னது சரி. என் அலுவலகத்தில் என்னை யாரும் அதிகாரம் பண்ணுகிறவள் என்று சொல்லமாட்டார்கள். அங்கே நான் வாய் திறப்பதே குறைவு.

நடுவிலான் அண்ணா, உங்கள் மகள் கேட்ட கேள்வியில் கோபம் இருக்கிறது என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்களோ தெரியாது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாய் தகப்பன் நம்பிப் பொறுப்புக் கொடுத்ததில் ஒரு பெருமையும் இருக்கும், அது மூத்த பிள்ளைகளுக்குத் தெரியும். தாங்க முடியாமல் போவது வேறு இடத்தில். வேலை முடிந்த பிறகும் யாரும் "இனி நீ இறக்கி வைக்கலாம்" என்று சொல்வதில்லை. அவளிடம் அதைச் சொல்லுங்கள். தம்பியின் பாடசாலை அலுவல், பல்வைத்தியர் அலுவல் எல்லாவற்றையும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, அதை அவளுக்கு முன்னால் வைத்தே கொடுங்கள்.

ஜாம்போத்தல் எழுதியது:

மூத்தவர்களுக்கு இத்தனை பேர் எழுதியிருப்பதால் கடைக்குட்டிகளின் சார்பில் ஒருவன் எழுதுகிறேன். நான் 1982 இல் பிறந்தவன். எனக்கு மேலே மூன்று அண்ணாமார்.

எங்கள் வீட்டு அல்பத்தில் மூத்த அண்ணாவுக்குப் பல் முளைத்தபோது சடங்காகப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய படம் பெரிதாக இருக்கிறது. தலையில் வெள்ளைத் துணி விரித்து, கொழுக்கட்டைகள் உருண்டு விழ, முன்னால் இருந்த தட்டத்தில் புத்தகம், பேனை, காப்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள். எனக்கும் கொட்டினார்களாம், ஆனால் படம் எடுக்க ஊரில் ஸ்ரூடியோக்காரர் திறக்கவில்லை, அது 1983. இதை யாரும் ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் வளர்ந்தோம் என்றும் சொல்ல முடியாது. அவர்கள் ரியூசன் முடித்து வந்து மின்விளக்கின் கீழ் படித்தவர்கள். 1990 இல் போரால் மின்சாரம் நின்றபோது எனக்கு எட்டு வயது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்தேன். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். வீட்டில் அப்போது மிஞ்சியிருந்த ஒரே பிள்ளை நான்தான். மூன்று அண்ணாமாரும் சுவரில் படமாக இருந்தார்கள். கடைசிப் பிள்ளை என்பதால் செல்லமாக வளர்ந்தான் என்று வெளிநாட்டில் இருந்துகொண்டு அவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

1977 இல் ஒரு பிள்ளையும் 1990 இல் ஒரு பிள்ளையும் எட்டு வயதில் இருந்தால், அவர்களுக்கு இடையே இருப்பது பிறப்பு வரிசை இல்லை, நாட்டு நிலைமை. எங்கள் சமூகத்தில் மூத்தவர், இளையவர் என்று பேசும்போது பாதி நேரம் நாம் போருக்கு முன், போருக்குப் பின் என்றுதான் பேசுகிறோம். நடுவிலான் அண்ணாவின் தம்பிக்கு அப்பா இறந்தபோது நாலு வயதுதான் இருந்திருக்கும். அவருக்கு அண்ணாவைத் தவிர வேறு அப்பா தெரிந்திருக்காது. தகப்பனோடு இருபது வயதில் போட வேண்டிய சண்டையை அவர் இப்போது அண்ணாவோடு போடுகிறார், அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

நடுவிலான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜாம்போத்தல் தம்பி கடைசியாகச் சொன்னதைத் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். அவன் பதில் எழுதவில்லை, ஆனால் மறுநாள் அண்ணாவுக்கு அழைத்திருக்கிறான் என்று எங்கள் வீட்டுப் பெரியக்கா சொன்னார். மகளிடம் பேசினேன், அவள் அண்ணாவின் கதையைத்தான் கூடுதலாகக் கேட்டாள்.

நொத்தாரிசு வீட்டு ஐயாவிடம் ஒரு சிறு கேள்வி. அண்ணா அக்காமாரின் சீதனத்துக்காக எவ்வளவு அனுப்பினார் என்பதை மகள் எழுதி வைக்க விரும்புகிறாள். பழைய சீதன உறுதிகளில் அது பதிவாகி இருக்குமா?

நொத்தாரிசு வீட்டுப்பிள்ளை எழுதியது:

இராது. உறுதியில் காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை, கொடுப்பவர், பெறுபவர், சாட்சிகள் ஆகியவை இருக்கும். காசும் நகையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் சில நொத்தாரிசுமார் அதையும் குறிப்பிடுவார்கள். ஆனால் கொடுப்பவர் என்ற இடத்தில் உங்கள் அம்மாவின் பெயர்தான் இருக்கும். ஜெர்மனியில் இருந்தவரின் பெயர் எங்கும் வராது. உண்டியலில் வந்த காசுக்குப் பற்றுச்சீட்டும் இருந்திருக்காது.

அம்மாவிடமோ அக்காமாரிடமோ பழைய நீல நிற விமானக் கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். காசு வந்து சேர்ந்ததா என்ற விசாரிப்பு அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அதைவிட அண்ணாவிடமே நேரே கேட்பது சுலபம். அந்தத் தலைமுறையில் பலர் சின்னக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். எட்டுப் பரப்பைப் பொறுத்தவரை, 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் 1947 ஆம் ஆண்டுத் திருத்தமும் பழைய வழமையைப் பல இடங்களில் மாற்றிவிட்டதால், அக்காமார் இருவரின் சீதன உறுதிகளின் பிரதிகளையும் காணிப் பதிவகத்தில் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு ஐவரும் மறுபடி பேசுங்கள்.